கெட்டில் அக்காவின் மூக்கு

இருநூற்றுப் பத்துத் தையல் மெஷின்கள் ஒரே கூரைக்குக் கீழே ஓடினால் எப்படிச் சத்தம் வரும் என்பது ஆடைத் தொழிற்சாலைக்குள் கால் வைக்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. பக்கத்தில் நிற்கிறவர் பேசினால் வாய் அசைவதுதான் தெரியும். அந்த இரைச்சலுக்கு நடுவே, நாலாவது வரிசையில் ஏழாவது மெஷினுக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று காதாலேயே கண்டுபிடித்து, தையல்காரி கூப்பிடுவதற்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரோடு போய் நிற்கிற ஒருத்தி அங்கே இருக்கிறாள். மெஷின் மெக்கானிக். நாற்பத்தெட்டு வயது. மெக்கானிக் என்றால் மீசையோடுதான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வருகிற புதுச் சூப்பர்வைசர்கள் ஒரே வாரத்தில் வாயை மூடிக்கொண்டு அவள் பின்னால் நடப்பார்கள்.

ஆனால் அவளை மெக்கானிக் என்று யாரும் கூப்பிடுவதில்லை. காவலாளியிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் கெட்டில் அக்கா. அது மலையில் வந்த பெயர்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், தொழிற்சாலையில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டரிடம் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். தனியாக நடக்க அலுப்பாக இருக்கிறது என்று அவர் நாலு பேரைச் சேர்த்தார். நாலு பேர் பன்னிரண்டு பேர் ஆனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் ஊருக்கு வடக்கே இருக்கிற மலைகளில் ஏறுவது, வருடத்துக்கு இரண்டு தடவை கூடாரம் அடித்துத் தங்குவது என்று ஒரு நடைக் குழுவே உருவாகிவிட்டது. கட்டிங் மாஸ்டரின் எடை மட்டும் போட்டது போட்டபடி இருக்கிறது. அவருடைய மச்சான் நிலம் அளக்கிற சர்வேயர். சிரிப்பைக்கூட அளந்துதான் சிரிப்பார். குழுவுக்கு அவர்தான் தலைவர். தொழிற்சாலை மருந்தறையின் நர்ஸம்மாவும் வருவாள். மற்றவர்கள் தைக்கிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள்.

அக்காவின் பொறுப்பு கெட்டில். மூன்று லிட்டர் பிடிக்கிற அலுமினியக் கெட்டில், ஒரு பக்கம் நசுங்கியது, முதுகுப் பைக்கு வெளியே தொங்கிக்கொண்டு டங் டங் என்று அடித்துக்கொண்டே வரும். பின்னால் வருகிறவர்கள் வழி தவறினால் அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்து சேர்ந்துவிடலாம். மலையில் டீ போடுவது என்றால் ஏதோ அடுப்படியில் போடுகிற மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரமே தளதளவென்று கொதித்து நம்மை ஏமாற்றும். கொதிக்குமே தவிர அதில் போதுமான சூடு இருக்காது. கீழே மூன்று நிமிடத்தில் இறங்குகிற சாயம் மேலே ஆறு நிமிடமானாலும் அடம்பிடிக்கும். காற்று வருகிற பக்கம் கல் அடுக்க வேண்டும். கேஸ் டப்பா சூடேறாமல் ஒரு பக்கம் திறந்தும் விட வேண்டும். பால் பவுடரை நேரே கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலைக் குளிரில் கேஸ் சீறாமல் சிணுங்கும். அதனால் முதல் நாளே டப்பாவைத் தன் போர்வைக்குள் போட்டு, குழந்தையை மாதிரி அணைத்துக்கொண்டு தூங்குவாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் முக்கியமான கட்டம். அக்கா கெட்டிலின் மூடியைத் திறப்பாள். முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுப்பாள். பதினொரு பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார்கள். அரை நிமிடம் கழித்து, "ம், வரலாம்" என்பாள். அந்த "வரலாம்" காதில் விழாமல் ஒருத்தரும் டம்ளரை நீட்டியதில்லை. சில நாள் "ம்ஹூம்" என்று தலையை ஆட்டி இன்னொரு சிட்டிகை இஞ்சிப் பொடி போடுவாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள்.

அந்த மூக்கின் புகழ் அப்படி. ஒருமுறை தெள்ளத் தெளிவாக ஓடிய ஓடைத் தண்ணீரை முகர்ந்துவிட்டு வேண்டாம் என்றாள். நூறு அடி மேலே போனால் ஒரு செத்த ஆடு கிடந்தது. ஊரில் எந்தக் கடைக்கு நல்ல டீத்தூள் வந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

சர்வேயருக்கு எடை விஷயத்தில் ஒரு பைத்தியம் உண்டு. டப்பா கூடாது, பாட்டில் கூடாது, எல்லாப் பொடியையும் பிளாஸ்டிக் உறையில் மாற்றிக்கொண்டு வர வேண்டும். கட்டிங் மாஸ்டர் தொழிற்சாலையில் வீணாய்ப் போன, பொத்தான் போட்டு வைக்கிற உறைகளை, அச்சு கோணலாக விழுந்தவற்றை, நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை, உப்பு, சூப்புப் பொடி, பல்பொடி, துணி சோப்பு எல்லாமே ஒரே மாதிரி உறைக்குள் போயின. குழப்பம் வரும், சீட்டு எழுதிப் போடுங்கள் என்று சர்வேயர் சொன்னபோது அக்கா சிரித்தாள். "எனக்கெதுக்குச் சீட்டு? மூக்கு என்ன சும்மா முகத்துக்கு அழகுக்கா இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அன்றிலிருந்து எல்லோர் உறையிலும் சீட்டு இருந்தது, அவள் உறைகளில் மட்டும் இல்லை.

அப்படிப்பட்ட மூக்குதான் போன வருடம் ஒரு காய்ச்சலோடு போய்விட்டது.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள். அக்கா அடுப்பில் பால் வைத்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மெஷின் பாகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவளுடைய வீட்டுக்காரர் வாசலிலிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். பால் சுண்டி, கருகி, பாத்திரம் அடிபிடித்துக் கரியாகிவிட்டிருந்தது. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டு அவளையே பார்த்தார். அவள் சோப்பை எடுத்து முகர்ந்தாள், மெஷின் எண்ணெயை முகர்ந்தாள், டீத்தூள் டப்பாவுக்குள் முகத்தையே விட்டாள். ஒன்றுமில்லை. வெறும் காற்று போய் வந்தது.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, தினமும் நாலு பொருளை முகர்ந்து பழகுங்கள் என்றார். அவள் பழகினாள். எலுமிச்சை, கிராம்பு, காபி, சோப்பு. காலையும் மாலையும், ஒரு நாள்கூட விடாமல். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை வைப்பார். சிரிக்க வைப்பதற்காக, தன் சாக்ஸைக் கொண்டுவந்து நீட்டி, இதுவாவது தெரிகிறதா, தெரியவில்லை என்றால் உனக்கு வரம்தான் என்பார். அவள் சிரிப்பாள். அவர் வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு அழுவாள்.

குழுவிடம் சொல்லிவிடு என்று அவர் ஆரம்பத்திலிருந்தே சொன்னார். அவள் கேட்கவில்லை. அதற்குக் காரணம் மேப் அண்ணன்.

மேப் அண்ணன் என்பவர் குழுவுக்கு வரைபடம் பார்த்து வழி சொன்னவர். கண்ணில் கோளாறு வந்தபோது அவர் தானாகவே வந்து சொன்னார். சர்வேயர் மரியாதையாகத்தான் பேசினார். இத்தனை பேர் உயிர் இருக்கிறது, வரைபடத்தை இனி நான் பார்க்கிறேன், நீங்கள் சும்மா எங்களோடு நடந்து வாருங்கள் என்றார். மேப் அண்ணன் அடுத்த ஞாயிறு சும்மா நடந்து வந்தார். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. அதன் பிறகு வரவேயில்லை. பக்கத்து மலையில் வேறு ஒரு குழுவின் கூடாரம் கேஸ் கசிந்து எரிந்ததிலிருந்து சர்வேயர் இன்னும் கறார் ஆகிவிட்டார். அடுப்பைத் தொடுகிறவருக்குக் கண், காது, மூக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார். சட்டம் போட்டுவிட்டு, நம்ம அக்கா இருக்கறப்போ என்ன கவலை என்று அவளைப் பார்த்துச் சொன்னவரும் அவரேதான்.

கெட்டில் போனால் என்ன போயிற்று என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக, ஏதாவது கெட்டுப்போனால்தான் அவளை யாரும் தேடுவார்கள். மெஷின் நன்றாக ஓடுகிறபோது, நன்றாக ஓடுகிறது அக்கா என்று சொல்ல யாரும் வந்ததில்லை. வீட்டிலும் குழாய் ஒழுகினால் அவள், மின்விசிறி நின்றால் அவள். மலையில் மட்டும்தான் பதினொரு பேர் குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒரு நல்ல விஷயத்துக்காக அவள் கையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அதை விட அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் ஏமாற்றினாள். ஏமாற்றினாள் என்றாலும் கண்ணும் கருத்துமாக ஏமாற்றினாள். கேஸ் கசிகிறதா என்று முன்பு முகர்ந்து பார்ப்பாள். இப்போது கூடாரத்துக்குள் போய், சின்னப் புட்டியில் வைத்திருந்த சோப்புத் தண்ணீரைப் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் இணைப்பைச் சுற்றித் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு, வெளியே வந்து எல்லார் முன்னாலும் முகர்கிற மாதிரி நடித்துப் பற்றவைப்பாள். தண்ணீரின் சூட்டைக் கெட்டில் பாடுகிற பாட்டைக் கேட்டே கண்டுகொண்டாள். மெஷின் கேட்டுப் பழகிய காதுக்கு அது பெரிய காரியமில்லை. சாயத்துக்குக் கைக்கடிகாரம், இஞ்சிக்குக் கரண்டி அளவு. இஞ்சியின் காரம் தொண்டையில் தெரியும், வாசம் மட்டும் தெரியாது. டீ எப்படி வந்திருக்கிறது என்பதைக் குடிக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

உறைகளுக்குச் சீட்டுப் போட ஆரம்பித்தால் சந்தேகம் வந்துவிடும். அதனால் வரிசை வைத்துக்கொண்டாள். சமையல் பைக்குள் இடமிருந்து வலமாக டீத்தூள், சர்க்கரை, இஞ்சி, பால் பவுடர். கையை விட்டால் நாலாவது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பதினாலு மாதம் ஒரு குளறுபடியும் நடக்கவில்லை.

அப்புறம் அந்தப் பெரிய நடை வந்தது. மலைமுகட்டின் மேலேயே நாலு நாள். மூன்று வருடமாகத் திட்டம் போட்டு, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைக்காமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கிளம்புகிற அன்று வீட்டுக்காரர் வேனில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, இந்தத் தடவையாவது சொல்லிவிடு, ஒளித்து ஒளித்து நீ இளைத்துப்போய்விட்டாய் என்றார். திரும்பி வந்து சொல்கிறேன் என்று இறங்கிவிட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் அடிப்பதற்குள் எல்லோரும் தெப்பலாக நனைந்துவிட்டார்கள். கட்டிங் மாஸ்டரின் பை ஒரு பக்கம் கிழிந்து தண்ணீர் புகுந்துவிட்டது. ஈரமாகக் கூடாது என்று இரண்டு மூன்று சாமான்களை எடுத்து, சமையல் பை மட்டும் உலர்ந்திருந்ததால், அதற்குள் செருகிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு அது ஒரு விஷயமாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மழை விட்டு, கையை நீட்டினால் விரல் தெரியாத பனிமூட்டம். அக்கா வழக்கம்போல எழுந்து, சோப்புத் தண்ணீர் வேலையை முடித்து, அடுப்பைப் பற்றவைத்தாள். பைக்குள் கையை விட்டு நாலாவது உறையை எடுத்தாள். வெள்ளைப் பொடி, மாவு மாதிரி. பச்சைத் தண்ணீரில் கரைத்தால் கரைவேனா என்றது. குளிருக்கு இதுவும் அடம்பிடிக்கிறது என்று கரண்டியால் நன்றாக அடித்தாள். கெட்டிலில் ஊற்றினாள். மூடியைத் திறந்து, முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சு இழுத்தாள்.

"ம், வரலாம்."

பதினொரு டம்ளர் நீண்டது. தனக்கும் ஊற்றிக்கொண்டாள். கையைச் சூடாக்கிக்கொண்டு, ஊதி ஊதி இரண்டு வாய் குடித்தாள். நாக்கில் கொஞ்சம் மணல் மாதிரி நெருடியது, பால் சரியாகக் கரையவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு வாய் குடித்தாள். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து தூ தூ என்று சத்தம். இஸ்திரிக்காரர் புதருக்கு ஓடினார். நர்ஸம்மா டம்ளரை மூக்கருகே கொண்டுபோய்ப் படக்கென்று விலக்கினாள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் துப்பினார்கள். ரோஜாப்பூ வாசம் கமகமவென்று வருகிறது, யாரோ முகம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

கட்டிங் மாஸ்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ, இது என் கால் பவுடர்" என்றார்.

அவருக்குக் கால் வியர்க்கும். பூட்ஸ் போடுவதற்கு முன்னால் விரலுக்கிடையில் போட்டுக்கொள்கிற ரோஜா வாசனைப் பவுடர் அது. பொத்தான் உறையில்தான் கொண்டுவந்திருந்தார். அவர் சீட்டும் போட்டிருந்தார், மழையில் அது கூழாகிவிட்டது. ஒரு நொடி எல்லோரும் திகைத்தார்கள், அடுத்த நொடி ஒரே சிரிப்பு. உன் காலைக் கழுவி எங்களைக் குடிக்க வைத்துவிட்டாயே என்று கட்டிங் மாஸ்டரை ஆளாளுக்குக் கிண்டல் பண்ணினார்கள். நர்ஸம்மா பவுடரில் என்னென்ன இருக்கிறது என்று அவரிடம் விசாரித்துவிட்டு, ஒன்றும் ஆகாது, வாயைக் கொப்பளித்து நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றாள். அப்படியே ஒவ்வொருவர் டம்ளரையும் வாங்கிக் கவிழ்த்துக்கொண்டே வந்தவள் அக்காவிடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்க பாதி குடிச்சிட்டீங்க."

சிரிப்பு நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து "வரலாம்" என்றவள், பாதி டம்ளர் கால் பவுடரை ருசித்துக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு மேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மெஷின் ஓடுகிற இடத்தில் இருந்திருந்தால் இரைச்சலில் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்; மலையில் ஒரு சத்தமும் இல்லை.

"பதினாலு மாசமா எனக்கு ஒரு வாசமும் தெரியாது" என்றாள்.

சர்வேயர் எழுந்து நின்றார். அவர் கத்துகிற ஆளில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். "பதினாலு மாசமா கேஸை மோந்து பாத்துப் பத்த வச்சீங்களே, அது?" என்று கேட்டார்.

அக்கா கூடாரத்துக்குள் போய்ச் சோப்புத் தண்ணீர்ப் புட்டியையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் இதால் பார்த்த பிறகுதான் பற்றவைத்தேன், கோடைக்கால முகாமில் ஒருமுறை குமிழி வந்தது, ரப்பர் வளையத்தை மாற்றினேன், அன்றைக்கு உங்கள் யார் மூக்குக்கும் அது தெரியவில்லை என்றாள். குரல் நடுங்காமல் சொல்லி முடித்தாள். "உங்க உயிரோட நான் விளையாடல. பால் பவுடர்ல தோத்துட்டேன். ஒத்துக்கறேன்."

சர்வேயர் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். கெட்டிலில் இருந்ததைக் கீழே ஊற்றி, கழுவி, தன் பைக்குள் வைத்து வாரை இறுக்கினார். கிளம்பலாம் என்றார்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குழு டங் டங் சத்தம் இல்லாமல் நடந்தது. பனி விலகி வெயில் அடித்தது, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று கிடந்தது. அதைப் பார்க்கத்தான் அக்கா மூன்று வருடம் காத்திருந்தாள். இப்போது தலையைத் தூக்கவே இல்லை. முதுகில் பாரம் குறைந்தது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மேப் அண்ணன் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எப்படி நடந்திருப்பார் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லையே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மத்தியானம் கட்டிங் மாஸ்டர் டீ போட்டார். தண்ணீர் கொதித்த மாதிரி தெரிந்ததும் இறக்கிவிட்டார். வெந்நீரில் டீத்தூளைக் காட்டி எடுத்த மாதிரி இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. குடித்துவிட்டு எல்லோரும் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தள்ளிப் போய் ஒரு பாறை மேல் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

சாப்பிட்டுக் கிளம்பியதும் கட்டிங் மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு அவளோடு சேர்ந்து நடந்தார். என் பவுடரால்தானே இத்தனையும் என்று இரண்டு தடவை சொன்னார். விடுங்கள் மாஸ்டர், இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு வெளியே வந்திருக்கும் என்றாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலு மாசம் இதைத் தனியாவா வச்சிருந்தீங்க அக்கா? ஒருத்தர்கிட்டகூடச் சொல்லாம?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார்கள், பாவம் என்பார்கள், இரண்டுக்கும் பதில் வைத்திருந்தாள்.

"டீ போடறேன் மாஸ்டர். ஆனா அந்த டீ எனக்கு இல்ல. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் நல்லா வந்திருக்கான்னே தெரிஞ்சுக்குவேன். யாரையாவது புடிச்சு, எப்படி வாசம் வருதுன்னு சொல்லேன்னு கேக்கணும் போல இருக்கும். கேட்டா மாட்டிக்குவேனே."

அடுத்த வளைவில் கட்டிங் மாஸ்டர் முன்னால் போய்விட்டார். எடை குறையாத மனுஷன் அவ்வளவு வேகமாக நடந்து அவள் பார்த்ததே இல்லை. முதலில் நர்ஸம்மாவோடு பேசினார், அப்புறம் இன்னும் முன்னால் போய் மச்சானோடு பேசினார். பேசினார் என்றால், அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், சர்வேயர் தரையைப் பார்த்து நடந்தார். தூரத்தில் வந்த அக்காவுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கெட்டிலை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு பெரிய பாறையின் மறைவில் கூடாரம் அடித்தார்கள். காற்று ஊசி மாதிரி குத்தியது. அக்கா தன் கூடாரத்துக் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் சர்வேயர் நின்றார். ஒரு கையில் கெட்டில், இன்னொரு கையில் அடுப்பு.

"அந்தச் சோப்புத் தண்ணியை எப்படித் தடவறதுன்னு காட்டுங்க" என்றார்.

அவள் காட்டினாள். அவர் குந்தி உட்கார்ந்து, நிலம் அளக்கிற கருவியைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிரஷ்ஷை வாங்கித் தானும் ஒரு சுற்றுத் தடவினார். குமிழி வரவில்லை. இணைப்பை வேண்டுமென்றே அரைச் சுற்றுத் தளர்த்தினார், புசுபுசுவென்று குமிழி கிளம்பியது, மறுபடி இறுக்கினார். மூன்று தடவை இப்படிச் செய்து பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"கருவி இருக்கறப்போ கண்ணை நம்பாதேன்னு ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கறேன். இங்க வந்து மூக்கை நம்பிட்டு இருந்திருக்கேன்" என்றார். பிறகு, பேச வராதவர்கள் பேசுகிற மாதிரி, வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னார். "நீங்க மறைச்சது தப்புதான். மறைக்கற மாதிரி வச்சது என் தப்பு. மேப் அண்ணன் வீட்டுக்கு ஊருக்குப் போனதும் போறேன். நீங்களும் வாங்க."

இனிமேல் சோப்புத் தண்ணீரை எல்லார் முன்னாலும் வைத்துத் தடவ வேண்டும், அக்காவின் உறைகளுக்கும் சீட்டு உண்டு, மழையில் கரையாத மையில் எழுத வேண்டும் என்று சட்டத்தை வரிசையாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கெட்டிலை அவள் கையில் கொடுத்தார். கொடுத்ததும், நன்றி கின்றி சொல்லிவிடப் போகிறாளோ என்று பயந்தவர் மாதிரி விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அக்கா கல் அடுக்கினாள். தண்ணீர் வைத்தாள். கெட்டில் முனக ஆரம்பித்து, பாடி, பாட்டு அடங்கியதும் டீத்தூளைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். நர்ஸம்மா பால் பவுடர் உறையைத் திறந்து, முகர்ந்து, இது பால்தான் என்று கொடுத்தாள். அக்கா கரைத்தாள், சட்டென்று கரைந்தது. இஞ்சி போட்டாள், மூடினாள். பதினொரு பேரும் சுற்றி உட்கார்ந்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

ஒன்பது வருடப் பழக்கம், கை தானாக மூடியைத் திறந்தது, முகம் தானாகக் கவிழ்ந்தது. பாதியில் அவளுக்கு நினைவு வந்தது. கெட்டிலுக்கு மேல் குனிந்தபடியே அசையாமல் நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது, கன்னம் ஈரமானது, அவ்வளவுதான். நிமிர வெட்கமாக இருந்தது.

கட்டிங் மாஸ்டர் எழுந்து வந்து கெட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினார். தன் பெரிய முகத்தை அதன் மேல் கவிழ்த்தார்.

"முதல்ல இஞ்சிதான்க்கா வருது" என்றார். "அதுக்குப் பின்னாடி, ஈரக் காட்டன் துணிமேல சூடா இஸ்திரியை வச்சா ஒரு ஆவி வருமே, அது."

அவளுக்கு அந்த வாசம் தெரியும். இருபத்தாறு வருடம் அதற்கு நடுவில் நின்றவள். மூக்குக்கு வரவில்லை, ஆனால் தலைக்குள் எங்கிருந்தோ வந்து நின்றது.

கெட்டில் நர்ஸம்மாவிடம் போனது. பால் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா கொண்டுவந்து கொடுக்கிற டம்ளர் மாதிரி என்றாள் நர்ஸம்மா. இஸ்திரிக்காரர், புதுப் பலகையை ரம்பத்தால் அறுக்கிற வாசம் லேசாக இருக்கிறது என்றார். அதெல்லாம் இல்லை, மழை நின்ற பிறகு வருகிற வாசம் என்று பெட்டி கட்டுகிற பெண் அவரோடு சண்டைக்கு வந்தாள். இரண்டு பேரும் மறுபடி மறுபடி முகர்ந்தார்கள். டீ ஆறிவிடும் என்று யாரோ சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. அக்கா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. இன்னும் சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள் என்று குழந்தை மாதிரி கேட்டாள்.

கடைசியாகக் கெட்டில் சர்வேயரிடம் வந்தது. அவர் குனிந்தார். கண்ணை மூடினார். மற்றவர்களைவிட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, தோற்றுப்போனவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"எனக்கு அப்படியெல்லாம் சொல்லத் தெரியலைக்கா" என்றார். "குடிக்கணும் போல இருக்கு. அதுதான் தெரியுது."

அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடமிருந்து கெட்டிலை வாங்கினாள்.

"அப்ப டம்ளரை நீட்டுங்க" என்றாள்.